கடல்மட்டத்தில் மூடியது

முப்பத்திநான்கு சன்னலுக்கும் கண்ணாடி
டர்பனிலிருந்து வந்தது.
விலை குறைவு. ஆர்டரில் கையெழுத்து என்னுடையது.

இரட்டைக் கண்ணாடி. நடுவே விரற்கடை அளவு காற்று.
சுற்றிலும் மெல்லிய அலுமினியச் சட்டம்,
சட்டத்தின் வயிற்றில் கடுகளவு மணிகள்
தப்பி நுழைந்த ஈரத்தைக் குடித்துத் தீர்க்க.
கடலுக்கு அரை மைலில் ஒரு கொட்டகையில்
ஒட்டி, மூடி, லாரியில் ஏற்றினார்கள்.

லாரி வான் ரீனன் கணவாய் ஏறியது.
வெளியே காற்று இளைத்துக்கொண்டே வந்தது.
உள்ளே இருந்தது இளைக்கவில்லை.

லெனேசியாவில் இறக்கிச் சாய்த்ததும்
கபேலோ சிரித்துவிட்டான்:
"வழியில் எங்கேயோ விருந்து சாப்பிட்டிருக்கின்றன."
ஒவ்வொன்றும் தொப்பை தள்ளி நின்றது.
தூரத்துச் சுரங்க மண்மேடு அதில்
கரண்டியின் முதுகில் தெரிவதுபோல் குறுகி வளைந்தது.
நானும்தான்.

டயாலிசிஸ் கூடம் இது. பதினான்கு நாற்காலி.
ஆளுக்கு வாரம் மூன்று முறை, நாலு மணி நேரம்.
பழைய ஒற்றைக் கண்ணாடி ஜனவரியில் அடுப்பு,
ஜூலையில் ஐஸ் பலகை.
மின்வெட்டில் ஜெனரேட்டர் இயந்திரங்களைச் சுமக்கும்,
ஹீட்டரையும் சேர்த்துச் சுமக்காது.
"இந்தச் சன்னலுக்கு என் முழங்காலின் விலாசம் தெரியும்"
என்பார் குபேந்திரன் நாயுடு,
இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர்.

எல்லாம் எண்ணித்தான் தேர்ந்தெடுத்தேன்.
வெயில் ஜூலைக்கு வேண்டும், ஜனவரிக்கு வேண்டாம்;
கண்ணாடிக்கோ மாதம் தெரியாது.
சூரியன் வடக்கே சாய்ந்து நடக்கும் நாடு,
வடக்குக் கூரையை இரண்டடி நீட்டச் சொன்னேன்.
சூட்டைத் திருப்பும் பூச்சு எந்த முகத்தில் என்று
ஆர்க்கிடெக்டோடு ஒரு மதியம் முழுக்கச் சண்டை.
எண்ணாமல் விட்டது உயரம்.

அதுவும் நான்.
வெருலத்தில் பிறந்து இங்கே வந்த முதல் வாரம்
இரண்டு மாடி ஏறிவிட்டு
கைப்பிடியைப் பற்றி நின்றவள்.

டர்பனில் போன் எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார்:
"படிவத்தில் கேட்டிருந்தோமே, மேடம்."
கேட்டிருந்தார்கள். எட்டாம் கட்டம். காலி.

ஒன்றைப் படுக்கவைத்தோம்.
விளிம்பின் பசையில் ஊசித்துளை.
ஸ்ஸ்ஸ்.
நான் குனிந்து முகர்ந்தேன்,
அசட்டுத்தனம்தான், கடல் வரும் என்று.
ரப்பர் வாசனை வந்தது.
மற்றதை மணிகள் குடித்திருந்தன.

தொப்பை மெதுவாக இறங்கியது.
மண்மேடு நேராயிற்று.
ஒரு திருகாணி, ஒரு விரல் பசை, மறுபடி மூடல்.
இன்னும் முப்பத்திமூன்று.
ஒன்று கபேலோவின் கையிலேயே விரிசல் விட்டது;
அவன் அதைக் கீழே வைத்த விதத்தில்
நான் கணக்குச் சொல்லவில்லை.
துளை போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று
சாயந்தரம் மின்னஞ்சல்.

விளிம்பு தண்ணீரில் நிற்காதபடி அடியில் ரப்பர் கட்டை.
மாட்டுமுன் கபேலோவின் லைட்டர்:
ஒரு சுடருக்கு நான்கு சுடர் காட்டும் கண்ணாடி,
மூன்று மஞ்சள், ஒன்று மட்டும் ரோஜா நிறம்.
பூச்சு அங்கே.
உள்ளிருந்து எண்ணி இரண்டாவது. சரி. சரி. சரி.
பத்தொன்பதாம் சன்னலில் மூன்றாவதாக எரிந்தது.
இறக்கித் திருப்பினோம்.

ஜூலை, செவ்வாய், காலை ஆறரை.
வாசல் புல்லெல்லாம் உறைபனி. மின்சாரம் இல்லை.
குழாயில் குபேந்திரனின் ரத்தம் வெளியே போய்
வட்டமடித்துத் திரும்பி வருகிறது.
முழங்கால் சன்னலை ஒட்டி.
கம்பளி மடித்தது மடித்தபடி.
அரைமணி கழித்து என்னைக் கூப்பிட்டார்:
"இந்தப் பக்கம் கண்ணாடி மாட்டியாயிற்றா,
இல்லை சுவரா வைத்தீர்கள்?"

சிரித்துக்கொண்டே
அவர் தலைக்குப் பின்னால் சன்னல் மூலையைப் பார்க்கிறேன்,
நடுவில் மூட்டம் கட்டுகிறதா என்று.

இதுவரை இல்லை.